தோற்றவர் பெயரால் ஒரு பாடம்

(வட்டத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இம்முறை பள்ளிப் பாடநூல்களைப் பற்றிப் பேச விரும்புகிறேன் என்று அமைப்பாளரிடம் கூறியபொழுது அவர் சற்றே தயங்கினார். இலக்கிய வட்டத்தில் பாடநூலுக்கு என்ன வேலை என்று அவர் வாய்விட்டுக் கேட்கவில்லை. அவருடைய மௌனம் கேட்டது. கலிங்கத்துப்பரணியும் உரையில் வரும் என்று நான் உறுதி கூறிய பின்னரே ஒப்புதல் கிடைத்தது. பரணி வரும், ஆனால் ஜெர்மனியைச் சுற்றிக்கொண்டுதான் வரும். அதுவரை பொறுத்தருள வேண்டுகிறேன்.

என்னிடம் முனைவர் பட்ட ஆய்வு மேற்கொண்டிருக்கும் மாணவி ஒருத்தி 2022ஆம் ஆண்டுக் கோடையில் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் மூன்று மாதங்கள் தங்கி, அமைதிக் கல்வி ஆய்வில் பயிற்சி பெற்றுத் திரும்பினாள். அவளுடைய ஆய்வுப் பொருள் ‘தமிழ்ப் போர் இலக்கியங்களில் பகைவர்’ என்பது. பகைவரை ஆய்பவள் அமைதியைப் படிக்கச் செல்வது பொருத்தமே என்று நான் கருதினேன். எங்கள் துறையில் எல்லாரும் அவ்வாறு கருதவில்லை. “அமைதிக் கல்வி என்றால் என்ன, யோகாசனமா, தியானமா?” என்று மூத்த பேராசிரியர் ஒருவர் வினவினார். அவளுடைய தந்தையார் நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் பணியாற்றுபவர். கையொப்பம் இடுவதற்காகக் கல்லூரிக்கு வந்தவர் என்னிடம் தாழ்ந்த குரலில், “அமைதியைக் கத்துக்க அவ்வளவு தூரம் போகணுங்களாம்மா?” என்று கேட்டார். பேராசிரியரின் கேள்வியைவிட அந்தக் கேள்வியே எனக்குக் கனமானதாகப் பட்டது. அப்பொழுது என்னால் நேரான விடை கூற இயலவில்லை. இன்றைய உரையை அவருக்குக் காலம் தாழ்ந்து கூறும் விடையாகவும் கொள்ளலாம்.

அமைதி என்பதைப் போரின் இன்மை என்று மட்டும் கொள்ளுதல் போதாது என்பதை ஒரு துறையின் அடிப்படையாக நிறுவியவர் நார்வே நாட்டின் யோஹான் கால்டுங். 1959ஆம் ஆண்டு ஓஸ்லோவில் அமைதி ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கியவர்; 1964இல் எதிர்மறை அமைதி, நேர்மறை அமைதி என்ற பாகுபாட்டை முன்வைத்தவர். துப்பாக்கி ஓய்ந்திருப்பது முதலாவது. மக்கள் ஒருவரோடொருவர் நேர்மையாக வாழ்வதற்குரிய அமைப்புகள் நிலவுவது இரண்டாவது. அடிப்பவன் என்று ஒருவன் கண்ணுக்குத் தெரியாமலேயே ஒரு சமூகத்தின் அமைப்பே சிலரை வாட்டுமானால் அதுவும் வன்முறைதான் என்று 1969இல் அவர் எழுதினார். இந்தக் கருத்தைத் தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்த எவருக்கும் நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

கால்டுங்குக்கு முன்னரே கல்வியையும் அமைதியையும் ஒருங்கே நினைத்தவர் மரியா மாண்டிசோரி அம்மையார். அவர் 1939இல் சென்னை அடையாறுக்கு வந்தார். 1940இல் இத்தாலி போரில் இறங்கியதும், இத்தாலியர் என்ற காரணத்தால் அவருடைய மகனை ஆங்கில அரசு காவலில் வைத்தது. அம்மையாரின் நடமாட்டமும் கட்டுப்படுத்தப்பட்டது. ஐரோப்பாவெங்கும் அமைதியைப் பற்றிச் சொற்பொழிவாற்றிய ஒருவர், ‘பகை நாட்டார்’ என்ற முத்திரையோடு அடையாற்றிலும் கொடைக்கானலிலும் வாழ்ந்து குழந்தைகளின் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்திருக்கிறார். நம் ஊரில் நடந்த இந்தச் செய்தியை என் மாணவி அங்கே போய்த்தான் முதன்முதலில் படித்தாள் என்பதையும் ஒளிவின்றிச் சொல்லிவிடுகிறேன்.

இனி பிரவுன்ஷ்வைக் நகருக்கு வருவோம். ஓக்கர் என்னும் ஆறு இரு கிளையாகப் பிரிந்து சூழ்ந்தோடும் பழைய நகரம். நடுவே சிங்க ஹென்றி என்ற பன்னிரண்டாம் நூற்றாண்டு இளவரசன் நிறுவிய வெண்கலச் சிங்கம். 1932 பிப்ரவரியில், அந்நாளைய பிரவுன்ஷ்வைக் மாநில அரசு ஹிட்லருக்கு ஓர் அரசுப் பதவியைப் பெயரளவில் அளித்தது. அதன் வழியாகவே ஆஸ்திரியாவில் பிறந்த அவருக்கு ஜெர்மானியக் குடியுரிமை கிட்டியது. 1944 அக்டோபரில் ஒரே இரவுக் குண்டுவீச்சில் உள்நகரின் பெரும்பகுதி எரிந்து போயிற்று. குடியுரிமை அளித்த ஊர் பன்னிரண்டே ஆண்டுகளில் சாம்பலானது. அந்தச் சாம்பலின் மீதுதான் 1951ஆம் ஆண்டு கியோர்க் எக்கர்ட் என்பவர் பாடநூல்களைத் திருத்துவதற்கென்று ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார்.

எக்கர்ட் இனவரைவியலும் வரலாறும் கற்றவர். போர்க்காலத்தில் ஜெர்மானியப் படையின் வானிலைப் பணியில் கிரேக்க நாட்டின் தெசலோனிக்கியில் இருந்தவர். அங்கே கிரேக்க எதிர்ப்பியக்கத்தாரோடு தொடர்பு கொண்டு, இறுதியில் அவர்கள் பக்கமே சேர்ந்தவர். பகைவரின் வீட்டில் இருந்துகொண்டு தன் நாட்டைப் பார்க்கும் பழக்கம் அவருக்கு அங்கே வந்திருக்கலாம் என்பது என் ஊகம். 1974இல் அவர் மறைந்தார். அடுத்த ஆண்டு மாநில அரசு தனிச் சட்டம் இயற்றி அவர் பெயராலேயே நிறுவனத்தை நிலைபெறச் செய்தது. 1985இல் அமைதிக் கல்விக்கான யுனெஸ்கோ பரிசு அதற்குக் கிடைத்தது. நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளின் வரலாறு, புவியியல், குடிமையியல் பாடநூல்கள் அங்கே அடுக்கி வைக்கப்பட்டுள்ளன. பழைய பாடநூலை எடைக்குப் போடுகிற நம் வழக்கத்தை நினைத்துக்கொண்டே அந்த அடுக்குகளின் இடையே முதல் நாள் நடந்ததாக மாணவி எழுதினாள்.

அந்நிறுவனத்தின் முதற்பணிகளுள் ஒன்று பிரான்சு நாட்டு ஆசிரியர்களோடும் வரலாற்றறிஞர்களோடும் அமர்ந்து, இரு நாட்டுப் பாடநூல்களிலும் உள்ள பூசல்களைப் பேசித் தீர்ப்பது. 1935இலேயே இரு நாட்டு ஆசிரியர்களும் ஒரு முயற்சி செய்திருந்தனர்; ஹிட்லரின் ஆட்சியில் அது பயன்படாமல் போயிற்று. 1951இல் மீண்டும் அமர்ந்தனர். 1914ஆம் ஆண்டுப் போரை யார் மூட்டினார் என்ற வினாவுக்கு, எந்த ஓர் அரசோ மக்களோ திட்டமிட்டு ஐரோப்பியப் போரை விரும்பியதாகக் கூற ஆவணங்கள் இடந்தரவில்லை என்ற பொருள்பட ஓர் உடன்பாட்டை எழுதினர். இரு நாட்டுக் குழந்தைகளுக்கும் ஆறுதலான வாசகம். ஆனால் 1961இல் ஃபிரிட்ஸ் ஃபிஷர் என்ற ஜெர்மானிய வரலாற்றறிஞர், தம் நாட்டு ஆவணங்களையே துருவி, அந்தப் போருக்குத் தம் நாட்டுத் தலைமைக்குப் பெரும் பொறுப்பு உண்டு என்று நூல் எழுதிவிட்டார். உடன்பாட்டைக் குலைத்தவர் பிரெஞ்சுக்காரர் அல்லர் என்பதைக் கவனிக்க வேண்டும். ஒன்றுபட்டு எழுதிய வாசகம் உண்மையாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உண்மை பின்னர் வேறொரு வாசல் வழியாக வந்து சேரும்.

மாணவி முதன்முதலாகக் கலங்கிப்போய்த் தொலைபேசியில் அழைத்தது இந்தச் செய்தியைப் படித்த அன்றுதான். நமக்கு இரவு பதினொன்று. அவளுக்கு மாலை ஏழரை, வெயில் இன்னும் அடங்கவில்லையாம். “அம்மா, அமைதிக்காகப் பொய் சொல்லலாமா?” என்று கேட்டாள். புரைதீர்ந்த நன்மை பயக்குமானால் பொய்ம்மையும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்று வள்ளுவர் வழிநின்று கூறிவிடலாம் என்று நாவு எழுந்தது. கூறவில்லை. தமிழாசிரியர்களுக்கு எந்த வினாவுக்கும் ஒரு குறள் கைவசம் இருப்பது சில வேளைகளில் சிந்தனைக்கு இடையூறு.

அவளை மேலும் கலங்கவைத்தது போலந்து நாட்டோடு நடந்த பேச்சு. 1970 டிசம்பரில் வார்சாவில் ஜெர்மானியத் தலைமையமைச்சர் வில்லி பிராண்ட் யூத எழுச்சியின் நினைவுச் சின்னத்துக்கு முன் மண்டியிட்ட படத்தை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். அதனைத் தொடர்ந்து 1972இல் இருநாட்டுப் பாடநூற் குழு அமைந்தது. போரில் ஏறத்தாழ அறுபது இலட்சம் குடிமக்களை, அவருள் பாதிப் பேர் யூதர்கள், இழந்த நாடு ஒருபுறம். போர் முடிவில் கிழக்குப் பகுதிகளிலிருந்து ஒரு கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வேரற்று வந்து சேர்ந்த நாடு மறுபுறம். இந்த ஒரு கோடிப் பேருக்கு நேர்ந்ததை எந்தச் சொல்லால் குறிப்பது? ‘விரட்டியடிப்பு’ என்பது ஜெர்மானியர் வழங்கிய சொல். அச்சொல்லைப் போலந்தார் ஏற்கவில்லை. முதலில் வந்து கொன்றவர் யார் என்பதை அது மறைக்கிறது என்பது அவர்கள் வாதம். நான்கு ஆண்டுகள் பேசி, 1976இல் வெளியிட்ட பரிந்துரைகளில் ‘மக்கள் இடப்பெயர்ச்சி’ என்ற பொருள்தரும் சொல்லில் வந்து நின்றனர். வீட்டுச் சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு பனியில் நடந்தவனுக்கு அது எத்தகைய சொல்! பழமைவாதக் கட்சி ஆண்ட மேற்கு ஜெர்மானிய மாநிலங்கள் இப்பரிந்துரைகளை ஏற்க மறுத்தன.

அதனினும் பெரிய குறை வேறு. 1939 ஆகஸ்டில் ஹிட்லரும் ஸ்டாலினும் போலந்தைப் பங்கிட்டுக்கொள்ள எழுதிய இரகசிய உடன்படிக்கை அப்பரிந்துரைகளில் இடம்பெறவில்லை. 1940இல் காத்தின் காட்டிலும் பிற இடங்களிலும் ஏறத்தாழ 22,000 போலந்தினரைச் சோவியத் காவற்படை கொன்றதும் இடம்பெறவில்லை. போலந்துப் பேராசிரியர்களுக்கு இவை தெரியாதவை அல்ல. அவர்கள் வாய் திறக்க இயலாத ஆட்சியின் கீழ் இருந்தனர். காத்தின் படுகொலையைச் சோவியத் அரசு ஒப்புக்கொண்டது 1990இல்தான். அதுவரை அமைதிப் பாடநூலில் அந்த இடம் மௌனமாகவே இருந்தது. இருந்தும் குழு கலையவில்லை. தொடர்ந்து கூடினர், தொடர்ந்து பூசலிட்டனர். இரு நாட்டு மாணவருக்கும் பொதுவான வரலாற்றுப் பாடநூலின் முதல் தொகுதி 2016இல் வெளிவந்தது. நான்காம் தொகுதி 2020இல். 1972இலிருந்து எண்ணினால் முதல் தொகுதிக்கே 44 ஆண்டுகள். தொடங்கியவர்களுள் பலர் அதைக் கண்ணால் காணவில்லை. பிரான்சோடு சேர்ந்து எழுதிய பொதுநூல் 2006இலேயே வந்துவிட்டது. அதிலும் அமெரிக்காவின் பங்கைப் பற்றிய பக்கங்களில் இரு தரப்பு ஆசிரியரும் ஒத்துப்போகவில்லை. அந்நூல் எதிர்பார்த்த அளவுக்கு வகுப்பறைகளில் புகவில்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

இவ்வளவு பெரிய வரலாற்றின் நடுவே என் மாணவி செய்த வேலை மிகச் சிறியது. ஆங்கிலத்தில் உள்ள பாடநூல்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு பாடத்தையும் வாக்கியம் வாக்கியமாகப் பிரித்து அட்டவணை இடுவது. பகை நாட்டார் எத்தனை வாக்கியங்களில் எழுவாயாக வருகின்றனர்? எத்தனையில் செயப்படுபொருளாக? அவருள் பெயர் சுட்டப்பட்டவர் எத்தனை பேர்? பெண்கள் உளரா? அவர்களுக்குப் பேச்சு உண்டா? செயப்பாட்டு வினை எங்கெல்லாம் வருகிறது? ‘ஊர்கள் எரிக்கப்பட்டன’ என்று ஒரு பாடம் கூறும்பொழுது எரித்தவன் வாக்கியத்திலிருந்து நழுவிவிடுகிறான். ‘பகைவர் ஊர்களை எரித்தனர்’ என்று அதே பாடம் மறுபக்கத்தில் கூறும்பொழுது அவன் திரும்பி வந்துவிடுகிறான். எவனுடைய செயலுக்கு எழுவாய் உண்டு, எவனுடைய செயலுக்கு இல்லை என்று எண்ணினால் பாடநூலின் உள்ளம் தெரிந்துவிடும். தமிழ் இலக்கணம் படித்தவளுக்கு இவ்வேலை கைவந்தது. வேற்றுமையையும் வினையையும் இருபது ஆண்டுகளாகத் தேர்வுக்காகவே கற்பித்துவரும் எனக்கு அவளுடைய அட்டவணை சற்றே நாணத்தைத் தந்தது என்பதே உண்மை.

இந்திய, பாகிஸ்தானியப் பாடநூல்களை அவள் இவ்வாறு பிரித்தபொழுது, கல்வியறிஞர் கிருஷ்ண குமார் 2001இல் தம் நூலில் காட்டியது அவள் கண்முன் தெரிந்தது. 1947 என்ற ஒரே ஆண்டு ஓரிடத்தில் துயரமான பிரிவாகவும் மற்றோரிடத்தில் பிறப்பாகவும் நிற்கிறது. இரண்டு பாடங்களும் பொய் கூறவில்லை. ஒன்றின் எழுவாய் மற்றொன்றில் இல்லை, அவ்வளவே.

அக்கோடையில் ஐரோப்பாவில் போர் நடந்துகொண்டிருந்தது என்பதை நினைவிற்கொள்ள வேண்டுகிறேன். பிப்ரவரியில் ரஷ்யப் படை உக்ரைனுக்குள் புகுந்திருந்தது. டிராம் வண்டியில் உக்ரைனியத் தாய்மாரும் குழந்தைகளும் பைகளோடு அமர்ந்திருப்பார்களாம். அமைதிக் கல்வியைப் படிக்க அறைக்குச் செல்பவள், வழியில் அந்தக் குழந்தைகளைப் பார்த்துவிட்டுத்தான் செல்வாள். அவளோடு தங்கியிருந்த போலந்து நாட்டு ஆய்வாளர் ஒருவர் தம் பாட்டியின் கதையைக் கூறினாராம். பாட்டி பிறந்தது லிவிவ் நகரில். அன்று அது போலந்தினுடையது, இன்று உக்ரைனுடையது. 1945இல் எல்லைக் கோடு நகர்ந்ததால் அக்குடும்பம் மேற்கே அனுப்பப்பட்டு, பிரெஸ்லாவ் என்று ஜெர்மானியர் வழங்கிய விரோத்சுவாஃப் நகரில் ஒரு ஜெர்மானியரின் வீட்டில் குடியேற்றப்பட்டது. அந்த ஜெர்மானியக் குடும்பம் இன்னும் கிளம்பியிருக்கவில்லை. சில வாரங்கள் இரு குடும்பமும் ஒரே அடுப்பில் சமைத்தன. ஒரு மொழியை மற்றவர் அறியார். இறுதியில் அந்த வீட்டம்மாள் கிளம்பும்பொழுது, ஒரு பெரிய வாணலியைச் சுட்டிக்காட்டி, அதன் பிடி தளர்ந்திருக்கிறது, கவனம் என்று சைகையால் சொல்லிவிட்டுப் போனாளாம். “இதை விரட்டியடிப்பு என்பதா, இடப்பெயர்ச்சி என்பதா? என் பாட்டி இரண்டு சொல்லையும் கூறியதில்லை, வாணலியைத்தான் சொல்வாள்” என்றாராம் அந்த ஆய்வாளர். என் மாணவி இதை எழுதிய கடிதத்தை நான் மடித்து வைத்திருக்கிறேன். இலக்கிய வட்டத்தில் இதற்கு விளக்கவுரை தேவைப்படாது.

மற்றொரு நூலைப் பற்றியும் கூற வேண்டும். தான் பார்-ஓன் என்ற இஸ்ரேலிய உளவியலறிஞரும் சாமி அத்வான் என்ற பாலஸ்தீனக் கல்வியறிஞரும் இரு தரப்பு ஆசிரியர்களை ஒன்றுகூட்டி 2003 முதல் வெளியிட்ட பாடநூல் அது. பக்கத்தில் மூன்று பத்திகள். ஒரு பத்தியில் இஸ்ரேலியர் கூறும் வரலாறு. மறு பத்தியில் பாலஸ்தீனர் கூறும் வரலாறு. 1948ஆம் ஆண்டு ஒரு பத்தியில் விடுதலைப் போர். மறு பத்தியில் நக்பா, அதாவது பேரழிவு. இரண்டையும் ஒன்றாக்க ஆசிரியர்கள் முயலவே இல்லை. இன்னொரு பத்தி வெறுமையாக விடப்பட்டிருக்கும், மாணவர் எழுதுவதற்கு. இரு தரப்புக் கல்வி அமைச்சகங்களும் இந்நூலைத் தம் பள்ளிகளில் அனுமதிக்கவில்லை. பார்-ஓன் 2008இல் மறைந்தார்.

2023 அக்டோபருக்குப் பின் அந்நிலத்தில் நிகழ்ந்தவற்றை நாம் அறிவோம். அந்த வெற்றுப் பத்தியால் என்ன ஆயிற்று என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். இத்துறையின் அறிஞரான ஹைஃபாவின் கவ்ரியேல் சாலமன் அதை முன்னரே கேட்டார். தீராப் பகை எரியும் நிலம், இனங்களுக்கிடையே கசப்பு புகையும் நிலம், போரே தெரியாத நிலம் என அமைதிக் கல்வி நிகழும் களங்களை அவர் 2002இல் மூன்றாக வகுத்தார். முதலாவது நிலத்தில் கிடைக்கும் மனமாற்றம் விரைவில் தேய்ந்துவிடுகிறது என்பதைத் தம் ஆய்வுகளிலேயே கண்டு ஒளிக்காமல் எழுதினார். ஒரு துறை தன் தோல்வியைத் தானே அளந்து வெளியிடுவது எனக்கு மதிப்பைத் தருகிறது. 1974இல் எழுதிய அமைதிக் கல்விப் பரிந்துரையை யுனெஸ்கோ 2023 நவம்பரில் புதுப்பித்து வெளியிட்டபொழுது, காசாவில் பள்ளிக்கூடங்கள் இடிந்துகொண்டிருந்தன. இவ்விரண்டையும் ஒரே வாரத்துச் செய்தித்தாளில் படிக்க நேர்ந்தவர்களுக்கு நான் என்ன ஆறுதல் கூற முடியும்?

இப்பொழுது பரணி.

பயிற்சியின் கடைசி மாதத்தில் மாணவிக்கு ஒரு விபரீத எண்ணம் தோன்றியது. ஊரார் பாடத்தையெல்லாம் அட்டவணை இட்டோமே, நம் பாடத்தை இட்டால் என்ன? இளங்கலையில் என்னிடம் அவள் படித்த கலிங்கத்துப்பரணிப் பகுதியை, மடிக்கணினியில் வைத்திருந்த வகுப்புக் குறிப்புகளோடு எடுத்துக்கொண்டாள். கருணாகரத் தொண்டைமானின் படைக்குத் தோற்ற கலிங்கர் தப்பியோடும் காட்சி உங்களுக்கு நினைவிருக்கும். வில்லின் நாணைப் பூணூலாக மாட்டிக்கொண்டு கங்கையாடச் சென்ற அந்தணர் என்று சொல்லித் தப்புவோர், தலைமயிரைப் பறித்துச் சமணராவோர், பாணர் வேடம் பூணுவோர் எனச் செயங்கொண்டார் அடுக்கிக்கொண்டே போவார். பரணியின் நகைச்சுவைக்கு எடுத்துக்காட்டு என்று எல்லா வழிகாட்டி நூல்களும் இதைத்தான் கூறும். மாணவியின் அட்டவணையில் கலிங்கர் எழுவாயாக வந்த வினைகள் ஓடுதல், ஒளிதல், நடுங்குதல், வேடமிடுதல், வீழ்தல். ஒரு கலிங்க வீரனுக்கும் பெயரில்லை. குறிப்பேட்டின் ஓரத்தில் அவள் பதினெட்டு வயதுக் கையெழுத்தில் ஒரு வரி இருந்தது: ‘இந்த இடத்தில் அம்மா நடித்துக் காட்டினார், வகுப்பே சிரித்தது.’

அதைத் தொலைபேசியில் அவள் படித்தபொழுது குற்றம் சாட்டும் தொனி சிறிதும் இல்லை. தான் சிரித்ததையும் சேர்த்தே சொன்னாள். நான் எதுவும் பேசவில்லை.

பரணி தோற்றவர் பெயரால் பெயர் பெறும் என்பது இரண்டு மதிப்பெண் வினா. கலிங்கம் தோற்றது, ஆகவே கலிங்கத்துப்பரணி. தக்கன் தோற்றான், ஆகவே தக்கயாகப்பரணி. எத்தனையோ ஆண்டுகளாக இதனைக் கற்பித்திருக்கிறேன். வென்றவனைப் பாடும் நூலுக்குத் தோற்றவன் பெயரை ஏன் இட்டார்கள் என்று என்னை ஒரு மாணவரும் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை. அந்தத் தோற்ற வேந்தன் அனந்தபன்மன் யார்? வரலாற்றறிஞர் பலர் அவனைக் கீழைக் கங்க மரபின் அனந்தவர்மன் சோடகங்கன் என்று கொள்வர். பூரி சகந்நாதர் கோயிலை எழுப்பத் தொடங்கியவன் என்று ஒடிய நாட்டார் போற்றும் பேரரசன். நம் பாடத்தில் கப்பம் கட்டாமல் தோற்றுப் போனவன். அவர்கள் பாடத்தில் கோயில் கண்டவன். இன்னும் ஒன்று. சோடகங்கன் என்ற பெயரிலேயே சோழன் இருக்கிறான். அவன் தாய் இராசசுந்தரி சோழ இளவரசி. வென்ற குலோத்துங்கனும் தந்தை வழியில் கீழைச் சாளுக்கியன். தாய் அம்மங்கை வழியில்தான் சோழன். இருவரும் சோழர் மகள்கள் பெற்ற பிள்ளைகள். நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் மோதியபொழுது, யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடியே என்று கோவூர் கிழார் இடித்துரைத்ததை நான் வீரத்தோடு நடத்துவேன். பரணி நடத்தும் வகுப்பில் மட்டும் அந்தக் கிழார் என் நினைவுக்கு வந்ததே இல்லை.

இவ்விடத்தில் ஒன்றைத் தெளிவாகக் கூறிவிட வேண்டும். பரணியைப் பாடத்திட்டத்திலிருந்து எடுத்துவிடலாமே என்று எங்கள் துறையில் ஒருவர் எளிதாகக் கூறினார். அமைதிக் கல்வி என்றதும் கத்தரிக்கோலைத் தேடுகிறவர்களிடம் எனக்கு உடன்பாடில்லை. செயங்கொண்டாரைப் போலச் சந்தத்தை ஆண்டவர் தமிழில் சிலரே. தவிரவும், பிணங்களைக் கொண்டு பேய்கள் கூழ் அடுகின்ற அந்தக் களத்தை வெறும் வெற்றிப் பாட்டாக என்னால் படிக்க முடியவில்லை. போரின் கோரம் கவிஞர் அறிந்தோ அறியாமலோ அங்கே வந்து நிற்கிறது என்று மாணவியோடு வாதிட்டேன். அவள் விட்டுக்கொடுக்கவில்லை. “நீங்கள் சொல்வது சரியாக இருக்கலாம் அம்மா. ஆனால் அப்படியொரு வினா நம் தேர்வுத்தாளில் வந்ததே இல்லையே” என்றாள். அதற்கு மறுப்புக் கூற இயலவில்லை. வினாத்தாள்களைத் தயாரித்தவர்களுள் நானும் ஒருத்தி.

அவள் ஊர் திரும்பிய பின், புறநானூற்றில் சேரமான் குடக்கோ நெடுஞ்சேரலாதனும் சோழன் வேற்பஃறடக்கைப் பெருவிறற்கிள்ளியும் பொருது, களத்தில் இருவருமே வீழ்ந்ததைக் கூறும் பாடல்களைச் சேர்ந்து படித்தோம். அறுபத்திரண்டாம் பாட்டு கழாத்தலையாருடையது. அறுபத்து மூன்று பரணருடையது. ஒரே களத்தை இரு புலவர் பாடியிருக்கின்றனர். இருவர் பாட்டிலும் வென்றவர் இல்லை. பெண்கள் கைம்மைக்குக் கூடப் பின்வாங்காமல் கணவரின் மார்பைத் தழுவிக் கிடந்தனர் என்கிறார் கழாத்தலையார். எந்த நாட்டுப் பெண்கள் என்று அவர் பிரித்துக் கூறவில்லை. இவ்விரு பாடல்களும் தொகை நூலில் அடுத்தடுத்து நிற்கின்றன. தொகுத்தவர் வேண்டுமென்றே அவ்வாறு வைத்தாரா என்பதை ஆராய்வது மாணவியின் நான்காம் இயல். அந்த இயல் இன்னும் முடியவில்லை; நான் இருமுறை திருப்பி அனுப்பியிருக்கிறேன். புறப்பொருள் இலக்கணத்தைப் பற்றி அவள் கூறுவதில் எனக்கு ஐயம் உண்டு.

இந்தப் பருவத்தில் பரணியை நான் வேறு விதமாக நடத்தினேன். ஓடும் கலிங்கரின் காட்சியை வழக்கம்போலவே சந்தத்தோடு படித்தேன். வகுப்பு வழக்கம்போலச் சிரித்தது. சிரிப்பதைத் தடுக்கவில்லை, அது கவிஞர் உரிமையோடு பெற்ற சிரிப்பு. பின்னர் புறப்பாட்டு இரண்டையும் படித்தேன். பூரிக் கோயிலின் படத்தைக் காட்டினேன். அதன்பின் ஆளுக்கொரு தாளைக் கொடுத்து, அந்த ஓட்டத்தை ஓடுகிறவன் கூறுவதாக எழுதச் சொன்னேன். பலர் பரணியையே வேறு சொற்களால் எழுதித் தந்தனர், அது இயல்பே. ஒரு மாணவன், ‘நான் ஓடவில்லை, என் தம்பியைத் தேடினேன், பூணூல் அவன் கழுத்தில் இருந்ததைக் கண்டு இவன் தப்பிவிடுவான் என்று மகிழ்ந்தேன்’ என்று எழுதியிருந்தான். ஒரு மாணவி, தலைமயிரைப் பறிக்கும்பொழுது வலிக்காதா என்று மட்டும் ஒற்றை வரியில் கேட்டிருந்தாள்.

கடைசி வரிசை மாணவன் ஒருவன் பெயரையும் வரிசை எண்ணையும் எழுதிவிட்டு, கீழே ‘கலிங்க வீரன் கூறுவது’ என்று தலைப்பிட்டு, இரண்டு புள்ளி வைத்து, தாளை வெறுமையாகத் திருப்பித் தந்திருந்தான். அகமதிப்பீட்டுக்குரிய தாள் அது, ஐந்து மதிப்பெண். சோம்பலா, வேறு ஏதேனுமா என்று எனக்குத் தெரியவில்லை. என் ஆய்வு மாணவியிடம் காட்டி, என்ன இடலாம் என்று கேட்டேன். நெடுநேரம் பார்த்தாள். “இப்போதைக்கு ஒன்றும் இட வேண்டாம் அம்மா. தேர்வு முடிந்ததும் அவனைக் கூப்பிட்டு, இதை அவனிடமே திருப்பிக் கொடுத்துப் பாருங்கள்” என்றாள். தாள் இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. தேர்வு அடுத்த வாரம் முடிகிறது.